குடைப் பாவாடையின் வட்டம்

மாடத்தி மடியில் பாவாடையைப் போட்டு இடுப்புத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஊசி முனையால் ஒரு தையலைத் தூக்குவாள், நூலை உருவுவாள், அடுத்ததற்குப் போவாள். மாம்பழ மஞ்சள் பட்டு. அவள் கழுத்தில் தாலி ஏறியபோது கட்டியிருந்த சேலை. நேற்று மத்தியானம் வரைக்கும் அது சேலையாகத்தான் இருந்தது.

நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழா ஆட்டம். குடைப் பாவாடை இருக்கிற பிள்ளைகள் முன்வரிசை, இல்லாத பிள்ளைகள் பின்வரிசை என்று சொல்லிவிட்டார்கள். மகள் இசக்கி வந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததைப் பார்த்துத்தான் மாடத்தி பெட்டியைத் திறந்தாள்.

தைத்து முடித்து மகளுக்குப் போட்டுவிட்டாள். பாவாடை இடுப்பில் நிற்காமல் நேரே காலடியில் போய் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "ஏட்டி, பிள்ளைக்குத் தச்சியா, நெல்லு மூட்டைக்குத் தச்சியா?" என்றாள்.

அதனால்தான் இப்போது சுகிர்தா டீச்சர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். டீச்சருக்கு இருபத்து மூன்று வயது. மாடத்தி வயதில் பாதிக்குக் கொஞ்சம் கூட. கால் விரலால் தொட்டில் கயிற்றை இழுத்துக்கொண்டே தையல் சொல்லித் தருகிறவள்.

"நாலா மடிச்சுத்தானே டீச்சர் வெட்டச் சொன்னீங்க?"

"ஆமாக்கா."

"இசக்கி இடுப்பு இருபத்து நாலு. நாலா வகுத்தா ஆறு. மடிச்ச மூலையிலேருந்து ஆறு இஞ்சு வச்சு வளைச்சு வெட்டினேன். கணக்குல என்ன பிழை?"

"வகுத்ததுல பிழை இல்ல."

"பிறகு?"

டீச்சர் ஒரு சாப்பாட்டுத் தட்டையும் நூல்கண்டையும் எடுத்து வைத்தாள். "ஓரத்தைச் சுத்தி நூலை ஓட்டி அறுங்க."

அறுத்தாள்.

"இப்ப அந்த நூலைத் தட்டு நடுவிலேருந்து ஓரம் வரைக்கும் வச்சு வச்சு எண்ணுங்க."

மாடத்தி எண்ணினாள். ஆறு தடவை போயிற்று. கால் பங்கு போலக் கொஞ்சம் நூல் மிஞ்சித் தொங்கியது.

நூலைத் தட்டின் ஓரத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை வைத்துப் பார்த்தாள்.

"இடுப்பு, ஓரத்துக் கணக்கு. அதை நான் கொண்டுபோய் நடுவுல வச்சிட்டேன்."

"ம்."

"ஆறேகாலால வகுத்திருக்கணும். நாலு இஞ்சுகூட வந்திருக்காது."

"ம்."

"ரெண்டு இஞ்சு சொச்சம்தானே தப்பினேன்?"

டீச்சர் பேப்பரில் ஒரு வட்டம் வெட்டினாள். வெட்டியிருக்கவேண்டிய வட்டம். மாடத்தி இடுப்புக்கென்று வெட்டி எடுத்த பட்டு வட்டத்தின் மேல் அதை வைத்தாள். மாடத்தி இன்னொன்று வெட்டி, துண்டு துண்டாக்கி, மிச்ச இடத்தில் பரப்பிப் பார்த்தாள். இரண்டு வட்டம் போயும் பட்டு தெரிந்தது. இன்னும் அரை வட்டத்துக்கு இடம் கிடந்தது.

"அடியாத்தி! ரெண்டரைப் பங்கு துணியா போச்சு?"

"வட்டத்துல தப்பினா எல்லாப் பக்கமும் தப்பும்க்கா."

மாடத்தி மிஞ்சிய நூலை விரலில் சுற்றினாள். "இது சரியாக் கால்தானா?"

"காலுக்கு மேலயும் கொஞ்சம் மிஞ்சும். அந்தக் கொஞ்சத்துக்கு முடிவே கிடையாதாம்."

"முடிவு தெரியாம எப்படி டீச்சர் வெட்டுதீங்க?"

"முடிவு வரட்டும்னு இருந்தா, பாவாடை எப்ப தைக்க?"

மாடத்திக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது. "வெட்டினதை இனி ஒட்ட முடியாதே."

"எந்திரிங்க."

எழுந்தாள். டீச்சர் பாவாடையைத் தூக்கி அவள் தலைவழியாகப் போட்டாள். அது இறங்கி வந்து, இடுப்பில், நழுவாமல் நின்றது. அளவெடுத்துத் தைத்த மாதிரி.

மாடத்தி குனிந்து பார்த்தாள். வெட்கத்தில் முகம் சிவந்தது. "இது எனக்கா தச்சேன்?"

டீச்சர் பாவாடையைத் திரும்ப வாங்கி, இடுப்பு ஓரத்தில் பெரிய பெரிய தையலாக ஒரு சுற்று ஓட்டி, நூலை மெல்ல இழுத்தாள். பட்டு சுருங்கிச் சுருங்கி வந்தது. டேப் வைத்தாள். இருபத்து நாலு. கீழே பாவாடை முன்னைவிட நன்றாக விரிந்து நின்றது.

"தப்பு எங்க போச்சு டீச்சர்?"

"எங்கயும் போகல. சுருக்குக்குள்ள இருக்கு."

"நூலை ஒட்ட அறுத்திரவா?"

"அறுக்காதீங்கக்கா. நீளமா விட்டு முடிச்சுப் போடுங்க. வருசத்துக்கு ரெண்டு சுருக்கு அவுத்து விடுங்க. கடைசிச் சுருக்கும் அவுந்த அன்னைக்கு, இசக்கி உங்க அளவுக்கு வந்து..."

"யம்மா!" வாசலில் இசக்கி. "ஒத்திகைக்கு எல்லாரும் போயாச்சு. வா!"

மாடத்தி பாவாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு எழுந்தாள். மீதியைக் கேட்கவில்லை.