இசக்கிதுரை கிட்டார் வாசித்த கொடை

நடுக்காட்டூர்க்காரர்களை முட்டாள்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். என் மனைவி பிறந்த ஊர் அது. யார் என்ன சொன்னாலும் சொன்னது சொன்னபடி செய்கிற ஊர் என்று வேண்டுமானால் சொல்வேன். படியில் நிற்காதீர்கள் என்று கண்டக்டர் சொன்னால், மறுபேச்சு பேசாமல் படியில் உட்கார்ந்துகொள்வார்கள். அப்புறமும் அவர் ஏன் கத்துகிறார் என்பதுதான் அவர்களுக்கு விளங்காது.

அந்த ஊரில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. நயினார் பாடுவார், குழுவுக்குத் தலைவரும் அவர்தான். கீபோர்டுக்கு ஐயம்பெருமாள், டிரம்ஸுக்கு உலகநாதன், கிட்டாருக்கு இசக்கிதுரை. முதல் மூன்று பேரின் சத்தம் அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும். இசக்கிதுரை வாசித்து யாரும் கேட்டதில்லை. அவனிடம் இருந்தது ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி. உலகநாதன் ஓர் அடி போட்டால் அது இருக்கிற இடம் தெரியாது.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பையன் உயரமாக இருக்கிறான், சுருட்டை முடி, மேடைக்கு ஒரு லட்சணமாக நிற்கிறான் என்று விட்டுவிட்டது. எடுத்துக்கொண்டவள் அவன் மனைவி செண்பகவல்லிதான். கல்யாணமான நாளிலிருந்து எல்லாக் கச்சேரிக்கும் முன்வரிசையில் போய் உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

"நீங்க மேடையில நிசமாவே வாசிக்கியளா, இல்ல சும்மா தடவிக்கிட்டு நிக்கியளா?" என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுவிட்டாள்.

இசக்கிதுரைக்கு உருட்டிய கவளம் கையிலேயே நின்றது. நிசமாகத்தான் வாசிக்கிறேன் என்றான். அப்படியென்றால் இந்த வருஷக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அது என் காதில் விழ வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் அண்ணன் மாவு மில்லுக்குப் போய்விடுங்கள், அங்கேயும் நிற்பதற்குத்தான் ஆள் வேண்டுமாம் என்றாள் அவள். அவள் சொன்னால் சொன்னதுதான். அவளும் நடுக்காட்டூர்தானே.

இசக்கிதுரைக்கு மாவு மில் என்றால் தும்மல். அதைவிட, கட்டியவள் ஒருமுறையாவது தன் வாசிப்பைக் கேட்டு முகம் மலர வேண்டும் என்று அவனுக்கு உள்ளுக்குள் ஓர் ஏக்கம் இருந்தது. நேரே டவுனுக்குப் போய், பெரிய கச்சேரிகளுக்கு ஸ்பீக்கர் கட்டும் ஹென்றியைப் பிடித்தான். ஹென்றி ஒரு கல்யாண மண்டபத்தில் ஒயரைப் பல்லால் சீவிக்கொண்டிருந்தார். ஒயரை வாயிலிருந்து எடுக்காமலே யோசனை சொன்னார். ஒரு பெட்டி போதாது, நாலைந்தைச் சேர்த்துக் கட்டினால் கிட்டார் பெரிதாகக் கேட்கும். எல்லாம் ஒரே மாதிரி இல்லாமல் ஒவ்வொன்றும் ஒரு குணமாக இருக்கட்டும். பெட்டிகள் ஒன்றோடு ஒன்று மல்லுக்கு நிற்காமல் ஒத்துப்போக வேண்டும். முக்கியமாக, கிட்டாருக்கு மற்றவர்கள் கொஞ்சம் இடம் விட்டுக்கொடுக்க வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு ஹென்றி மறுபடி ஒயரைக் கடிக்கப் போய்விட்டார்.

இசக்கிதுரை வழிநெடுக ஒப்பித்துக்கொண்டே வந்து, ஒரு சொல் சிந்தாமல் குழுவிடம் ஒப்படைத்தான். குழு கோயில் மடப்பள்ளிக்குப் பின்னால் கூடி ஆலோசித்தது.

பெட்டியின் குணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஐயம்பெருமாள் கேட்டார். அது போய்வந்த இடத்தை வைத்துத்தான் என்றார் நயினார். மனுசனுக்கே அப்படித்தானே என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆகவே, எழவு வீடுகளுக்கு மட்டும் போகிற பெட்டி ஒன்று வந்தது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவரின் வண்டியிலிருந்து குழாய் ஸ்பீக்கர் ஒன்று வந்தது. ஆளுங்கட்சிக் கூட்டங்களுக்குப் போகிற பெட்டி ஒன்று. அதை மட்டும் வாங்கினால் ஊருக்குள் பேச்சு வரும் என்பதால் எதிர்க்கட்சிப் பெட்டியும் ஒன்று.

அங்கேதான் சிக்கல் வந்தது. "இந்த ரெண்டும் எப்படி அண்ணாச்சி ஒத்துப்போகும்?" என்று கவலைப்பட்டார் உலகநாதன். "போன எலெக்சன்ல ஒரே முக்குல நின்னு ஒண்ண ஒண்ணு என்ன பேச்சு பேசிச்சு. நான் கேட்டேன்லா."

விஷயம் பெரிது என்பதால் இரண்டு பெட்டிகளையும் ஆலமரத்தடிக்குத் தூக்கிப் போய் எதிரெதிரே வைத்துச் சமாதானம் பேசினார்கள். நயினார் நடுநிலையாகப் பேசினார். பழையதை மறந்துவிட வேண்டும் என்று இரண்டிடமும் தனித்தனியே கேட்டுக்கொண்டார். இரண்டும் பதில் சொல்லவில்லை. ஆளுங்கட்சிப் பெட்டி கேள்வி கேட்டால் எப்போதும் அப்படித்தான் என்றும், எதிர்க்கட்சிப் பெட்டி வெளிநடப்பு செய்யாமல் இருப்பதே நல்ல சகுனம் என்றும் ஐயம்பெருமாள் விளக்கினார். இருந்தாலும் முன்னெச்சரிக்கையாக ஒரு வழி செய்யலாம் என்றார் உலகநாதன்.

"நடுவுல எழவு வீட்டுப் பெட்டிய வைப்போம். எழவு வீட்டுலதான் எல்லாக் கட்சிக்காரனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில உக்காருதான்."

அந்த யோசனையின் ஆழத்தைக் கண்டு நயினார் எழுந்து உலகநாதனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கொடை வந்தது. சாயங்காலம் மேடையில் பெட்டிகளை ஏற்றினார்கள். கட்சிப் பெட்டிகள் இரண்டும் ஆளுக்கொரு பீரோ அளவு. நடுவில் எழவு வீட்டுப் பெட்டி, அதன் தலையில் பேரீச்சம்பழக் குழாய், மூலையில் இசக்கிதுரையின் சொந்தப் பெட்டி. எல்லாவற்றுக்கும் ஒயர் கொடுத்து முடித்துப் பார்த்தால் மேடையில் கால் வைக்க இடமில்லை.

"கிட்டாருக்கு இடம் விட்டுக்கொடுக்கணும்னுதான ஹென்றி சொன்னாரு" என்றார் ஐயம்பெருமாள். சொல்லிவிட்டு, பெருந்தன்மையாகக் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். அடுத்து உலகநாதன் டிரம்ஸை ஒவ்வொன்றாகக் கழற்றி இறக்கினார். நயினார் மட்டும் மைக்கைப் பிடித்தபடி கொஞ்சம் தயங்கினார். பாட்டு இல்லாமல் கச்சேரியா என்று அவருக்கு வருத்தம். ஆனாலும் தலைவரே விட்டுக்கொடுக்காவிட்டால் எப்படி என்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவரும் இறங்கிவிட்டார்.

இப்போது மேடையில் இசக்கிதுரையும் கிட்டாரும் பெட்டிகளும்தான். அப்போதும் கிட்டாரின் கழுத்து பெட்டியில் இடித்தது. கீழே நின்று மூன்று பேரும் யோசித்தார்கள்.

"துரை, கோவிச்சுக்கிடாத" என்றார் நயினார் மெதுவாக. "அவரு கிட்டாருக்குத்தான் இடம் கேட்டாரு. கிட்டார்க்காரனுக்குக் கேக்கல."

இசக்கிதுரை மனசுக்குள் அந்த வார்த்தைகளை ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். உண்மைதான். கிட்டாரைப் பெட்டிகளின் மேல் பதவிசாகச் சாய்த்து வைத்தான். தான் இல்லாத குறை தெரியாமல் இருக்கட்டும் என்று சத்தத்தை முழுக்கத் திருகிவிட்டு, இறங்கிப் போய் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தான். செண்பகவல்லிக்கு அந்தப் பக்கம் மாவு மில் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

உலகநாதன் போய் சுவிட்சைப் போட்டார்.

முதலில் கொசு ரீங்காரம் போல ஒன்று கிளம்பியது. பெட்டியிலிருந்து வந்த சத்தம் கம்பியை உலுக்க, கம்பி உலுக்கியது பெட்டிக்குள் போய்ப் பெரிதாகத் திரும்பிவர, நேரம் ஆக ஆக அது ஊளையாகி, கோயில் மணி தானாக ஆடுகிற அளவுக்கு ஆகிவிட்டது. கட்சிப் பெட்டிகள் இரண்டும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே விஷயத்தைச் சொல்லின. எழவு வீட்டுப் பெட்டி அடித்தொண்டையில் கேவியதில் பின்வரிசைப் பெண்கள் இரண்டு பேர் பழக்கத்தில் மூக்கைச் சிந்தி ஒப்பாரியை ஆரம்பித்தார்கள். குழாயின் குரல் கேட்டு மேலத்தெரு அம்மாள் ஒருத்தி ஓட்டை வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

செண்பகவல்லி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் மலர்ந்துபோயிருந்தது. அவன் அத்தனை வருஷம் பார்க்க ஆசைப்பட்ட முகம். பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இத நீங்கதான் வாசிக்கியளா?" என்றாள்.

"நான்தான்."

அவள் அவன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் மடியில் இருந்தன.

"இம்புட்டு நாளா மேல ஏறி நின்னு மறைச்சிட்டியளே" என்றாள் ஆதங்கத்தோடு. பிறகு அந்தப் பக்கம் திரும்பி, மில்லுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படி அண்ணனிடம் சொன்னாள். அண்ணனுக்குக் காது அடைத்துப்போயிருந்ததால் அதைச் சைகையில் சொல்ல வேண்டியிருந்தது.

உலகநாதன் சுவிட்சை அணைத்ததும் ஊர் எழுந்து நின்று கைதட்டியது. ஒன்ஸ்மோர் கேட்டது. நயினார் மேடைப் பக்கம் போய்ப் பெட்டிகளுக்கு ஒரு துண்டு போர்த்திவிட்டு வந்து, அடுத்த பாட்டுக்குத் தயாரா என்று கேட்டார்.

இசக்கிதுரை எழுந்து நாற்காலியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி" என்றான். "அடுத்தது கஷ்டமான பாட்டு. அதுக்கு நான் கடைசி வரிசைக்குப் போகணும்."