மயிலை கொடுத்த உறைமோர்

மாடும் கன்றும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்துப் பட்டி ஒன்றில் கோம்பையன் என்று ஒருவன் மாடு மேய்த்துப் பிழைத்துவந்தான். மனைவி பெயர் பேச்சி. கைக்குழந்தை ஒன்று. மயிலை என்று ஒரு பசு, அதற்கு ஒரு கன்று. அப்போது தயிரும் கிடையாது, மோரும் கிடையாது. பாலைக் கறந்த சூட்டோடு குடிப்பார்கள், பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்ப்பார்கள்.

ஒரு வருஷம் மழை பொய்த்துவிட்டது. கம்பும் இல்லை, சோளமும் இல்லை. மயிலை மட்டும் மலையேறி மரத்தழை தின்றுவந்து பால் கொடுத்தது. கன்றுக்கு விட்டது போக மீதியைப் பட்டியே பங்கிட்டுக் குடித்தது. அந்த மகராசி இல்லையென்றால் இந்தக் கதையைச் சொல்ல நானும் இல்லை, கேட்க நீங்களும் இல்லை.

ஆனால் கோம்பையனுக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை. குடித்த கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பும், கடமுடவென்று உருட்டும், புதரைப் பார்த்து ஓட வேண்டும். வெளியே சொன்னானா? மூச்சு விடவில்லை. பசு கொடுத்த பாலைக் குறை சொல்வது பாவம் என்று அந்தப் பட்டியே நினைத்தது. கும்பிட்டுக் குடித்தான், குடித்துவிட்டு ஓடினான். ஆள் துரும்பாக இளைத்துவிட்டான்.

ஒரு நாள் காலையில் பேச்சி பாலை நீட்டியபோது அவனுக்கு எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லை.

"வேண்டாம் பேச்சி. இதைக் குடிச்சா நான் பிழைக்க மாட்டேன்."

வாசலில் நின்ற மயிலைக்கு அது கேட்டுவிட்டது. "என் பாலா உன்னைக் கொல்லுது? அப்ப எனக்கு இங்க என்ன வேலை? நாளைக்கே கன்றோட மலைக்குப் போயிடுறேன்" என்றது.

பேச்சி ஓடிவந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "எனக்கு உன் பால் ஒத்துக்குது தாயி. அதைக் குடிச்சுத்தான் பிள்ளைக்கு மார்ல பால் ஊறுது. நீ போயிட்டா பிள்ளையும் போயிடுமே!"

அழுத கண்ணோடு உள்ளே போனவள், கணவன் வேண்டாமென்ற பாலைக் கைக்குக் கிடைத்த பானையில் ஊற்றி மூடிவைத்தாள். தண்ணீர்ப் பஞ்சத்தில் கழுவாமல் விட்ட பானை அது. அடியில் பழைய பால் புளித்து ஒட்டியிருந்ததை அவள் பார்க்கவில்லை.

மறுநாள் மூடியைத் திறந்தால் பால் கட்டியாக நின்றது. "ஐயோ, கெட்டுப்போச்சே!" என்று வாசலில் கொட்டப்போனாள். புறப்பட்டு நின்ற மயிலை மோந்து பார்த்தது.

"கொட்டாதே! என் கன்று கக்குற பாலும் இப்படித்தான் மணக்கும். உன் பிள்ளை கக்கினாலும் திரிதிரியாத்தானே வருது? பால் குடிக்கிற வயசுல வயிறு அந்த வேலையைத் தானே பாத்துக்கும். வளந்த பிறகு பல பேருக்கு மறந்துபோயிடும். ஏன், என் பாலை எனக்கே கொடுத்தா எனக்கும் வயித்தால போகும். இதுல யார் மேலயும் குத்தமில்லை. அவன் வயிறு மறந்த வேலையில பாதியைப் பானை பாத்திருக்கு. கொஞ்சமா கொடு."

பேச்சி உப்புப் போட்டுக் கரைத்து ஒரு வாய் கொடுத்தாள். பேச்சி, மயிலை, கோம்பையன் மூன்று பேரும் அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாடு பேசுகிற அந்தக் காலத்தில், அன்றைக்கு அந்த வயிறு மட்டும் பேசவில்லை. கோம்பையன் இன்னொரு வாய் கேட்டான். பேச்சி பானையில் கொஞ்சம் மீதி வைத்து, அதிலேயே புதுப்பால் ஊற்றித் தினமும் உறையவைத்துக் கொடுக்க, நாலைந்து நாளில் எழுந்து நடமாடினான். முதல் வேலையாக மயிலையின் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

விஷயம் பரவியதும் பக்கத்து வீட்டு ஒச்சம்மா கிண்ணத்தோடு வந்து நின்றாள். "எங்க வீட்டுக்காரரும் புதருக்குத்தான் ஓடுறாரு. வெக்கத்துல சொல்லலை. நானும் பாலை மூடிவெச்சுப் பாத்தேன், உறைய மாட்டேங்குது. கொஞ்சம் உறை கொடேன்."

அவளுக்குப் பின்னால் பட்டியே கிண்ணத்தோடு வரிசையில் நின்றது. பேச்சி பானையை மார்போடு அணைத்துக்கொண்டாள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் நாளைக்குக் கணவனுக்கு எது?

மயிலை மெதுவாகச் சொன்னது: "என் கன்றோட பாலைத்தானே நான் உங்களுக்குக் கொடுக்கிறேன், பேச்சி."

பேச்சி பானையைக் கீழே இறக்கிவைத்தாள். கரண்டியை எடுத்தாள். ஒரு கிண்ணத்தையும் விடாமல் ஊற்றினாள்.

இன்றைக்கும் உறைமோர் கேட்டுக் கிண்ணத்தோடு வாசலில் நிற்பவர், நேற்று நம்மோடு சண்டை போட்டவராகவே இருந்தாலும், ஒரு கரண்டியாவது ஊற்றித்தான் அனுப்புகிறோமே, அது அன்றைக்குத் தொடங்கியதுதான்.