பிக்கப்பில் ஏறின பனி

போன மாசியில், கோயிலில் பூக்கட்டும்போது புவனாக்கா சொன்னவ. கேட்டு விக்கித்துப்போனேன்.

கனடாவில், கைக்குழந்தையோடு ஒரு அறையில் வாடகைக்கு இருந்த நகுலனிடம் வீட்டுக்காரர் தில்லையம்பலம், "என்ர வீட்டு வளவில பனி கிடக்கக்கூடாது. றோட்டில தள்ளினா நகரசபை தண்டம் போடும், அங்கயும் தள்ளாத. மத்தியானத்துக்குள்ள முடிக்காட்டி அறையை விட்டு வெளிக்கிடு" என்றாராம். முழங்காலளவு பனி, முருகா.

மத்தியானம் வந்து பார்த்தவர் திகைத்து நின்றார். பனி முழுக்க அவருடைய பிக்கப் வண்டியின் பின்பெட்டியில் மலையாய்க் கிடந்தது.

"என்னடா இது? வண்டியும் என்ர வளவிலதானே நிக்குது."

"அப்ப வெளியில எடுங்கோ ஐயா. ஆனா றோட்டில விடாதேங்கோ, பனி நாளில நகரசபை இழுத்துக்கொண்டு போயிடும். நகரசபை பனியைக் கொண்டுபோய்க் கொட்டுற வெளிக்குத்தான் போகவேணும்."

அயலவர் பார்த்து நிற்க, தில்லையம்பலம் தானே ஓட்டிக்கொண்டு போனார். அறையைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லையாம்.

பனி தள்ளுகிற ஆளைக் கண்டால், ஒரு தேத்தண்ணி குடுங்கோ.