புரிந்ததா என்று கேளாத ஐயாறப்பர்

மேலக்கோரையில் ஐயாறப்பர் என்றோர் அடியார் இருந்தார். காலையில் சிவன் கோயில் பிராகாரத்தைப் பெருக்குவார். பிறகு வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போவார். தற்காலிக வாத்தியார் என்பதால் ஆசிரியர் அறையில் அவருக்கு நாற்காலி கிடையாது. ஜன்னலோரம் நின்றபடியே கஞ்சி குடிப்பார். அந்த வேலையும் அவருக்கு ஈசன் தொண்டுதான்.

வகுப்பில் ஒரு கேள்வியை மட்டும் அவர் கேட்கவே மாட்டார். "புரிஞ்சுதா?" என்ற கேள்வியை. கேட்டால் நம் பிள்ளைகள் ஒரே ராகத்தில் "புரிஞ்சுது சார்" என்று பாடிவிடுவார்கள். வாத்தியார் மனம் நோகக் கூடாதே என்ற மரியாதை. பாழாய்ப்போன மரியாதை! முன்பொருமுறை ஐயாறப்பரின் மனைவி அபிராமவல்லிக்கு மருத்துவர் மாத்திரை சாப்பிடும் முறையைச் சொல்லிவிட்டு, "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டிருந்தார். அம்மையார் கூச்சத்தில் தலையாட்டிவிட்டு வந்தார். மாற்றிச் சாப்பிட்டார். பிழைக்கவில்லை. இனி எந்தத் தலையாட்டலையும் நம்புவதில்லை என்று ஐயாறப்பர் ஈசன் முன் அழுது சபதம் செய்தார்.

ஆகவே ஒரு வாக்கியம் சொன்னால், பிள்ளைகள் அதைப் படமாகப் போட்டுக் காட்ட வேண்டும். "தி பக்கெட் இஸ் அண்டர் தி ட்ரீ" என்றார் ஒரு நாள். கடைசி வரிசை வடிவழகி மரத்தின் உச்சியில் வாளியை வரைந்திருந்தாள். வகுப்பே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்கினார். மறுநாளும் அப்படியே. எது கேட்டாலும் அவள் தலையாட்டுவாள். படமோ வேறு சொல்லும்.

"புரியலைன்னு வாயத் தொறந்து சொல்லு தாயி. எனக்கு அது போதும்" என்று கெஞ்சினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பாடம் நகரவில்லை. "இவரு பாடம் நடத்துறாரா, தேர் இழுக்குறாரா?" என்று சக ஆசிரியர்கள் கேலி பேசினார்கள். தலைமையாசிரியர் தணிகாசலம் கூப்பிட்டு, "அதிகாரி வர்றாரு. ஏதாவது கோளாறு பண்ணினீங்கன்னா வேலை இருக்காது" என்று எச்சரித்தார்.

அதிகாரி வந்தார். பிள்ளைகளைப் பார்த்து, "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"புரிஞ்சுது சார்!" கூரை அதிர்ந்தது. தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அடியாருக்குச் சோறு நிலைத்திருக்கும். அவரோ கைகூப்பி, "இல்லீங்கய்யா. பாதிப் பேருக்கு விளங்கல. பயத்துல சொல்றாங்க" என்றார்.

அன்று மாலையே வேலை போயிற்று.

கோயில் பிரசாதமே பின்னர் அவருக்கு உணவாயிற்று. உடம்பு உருகியது. வேலை போனதற்காக அவர் அழவில்லை. "அந்தப் புள்ளைக்கு விளங்குறதுக்குள்ள என்னை வெளியில எடுத்துட்டியே, ஈசா" என்றுதான் தினமும் சந்நிதியில் அழுதார். கேட்கவே நெஞ்சு வலிக்கும் அழுகை அது.

அவர் இடத்தில் தணிகாசலமே வகுப்பெடுத்தார். ஒரு நாள் பாடம் முடித்து, "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது சார்!" என்று வகுப்பு பாடியது. கடைசி வரிசையில் வடிவழகி எழுந்து நின்றாள்.

"எனக்குப் புரியல சார்."

பிறகு முன் வரிசையில் ஒருவன் எழுந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் பலர். தணிகாசலம் பலகையை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.

மணி அடித்ததும் வடிவழகி கோயிலுக்கு ஓடினாள். ஐயாறப்பர் சந்நிதி முன் விழுந்து வணங்கியபடி கிடந்தார். "சார், புரியலைன்னு சொல்லிட்டேன் சார்! எல்லாரும் சொன்னாங்க சார்!" அவர் எழவில்லை. தோளைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது.

"சார், நான் சொன்னது கேட்டுச்சா சார்?" என்று அவள் விம்மினாள்.

கருவறைக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது. திருவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்த குருக்களும் கேட்டு நடுங்கினார்.

"கேட்டது, மகளே. நீ எழுந்து நின்றபோது, நம் அடியான் நம் பக்கத்தில் இருந்துதான் கேட்டான்."

கடைசி வரிசைக்கும் விளங்கும்வரை காத்திருந்த ஐயாறப்பரின் அடிகளை நாமும் வணங்குவோம்.