பூவாலியின் கைப்பேச்சு

ஒரு கூட்டத்தில் எல்லாருக்கும் காது கேட்கிறது, ஒருத்திக்கு மட்டும் கேட்கவில்லை. அப்படியானால் யார் யாருடைய பேச்சைக் கற்றுக்கொள்ள வேண்டும், சொல்லுங்கள் பார்ப்போம்?

காட்டாற்றின் நடுவே ஒரு மணல்திட்டு. அதில் சில மருதமரங்களும் ஒரு பெரிய அத்திமரமும் நின்றன. அத்தி பழுத்தால் போதும், ஒரு குரங்குக் கூட்டம் ஆற்றைத் தாண்டி வந்து அங்கேயே தங்கிவிடும். கோடையில் தண்ணீர் முட்டளவுதான். குட்டிகள்கூடப் பாறைக்குப் பாறை தாவி வந்துவிடும்.

அந்தக் கூட்டத்தில் பூவாலி என்று ஒரு பெண்குரங்கு இருந்தாள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. வால்நுனியில் வெள்ளையாக ஒரு கொத்து மயிர் இருந்ததைப் பார்த்து அவள் அம்மா ஆசையாக வைத்த பெயர் அது. ஆனால் கூட்டம் அவளை ‘ஊமைச்சி’ என்றே சொல்லும். அது கிடக்கட்டும். நாம் பூவாலி என்றே சொல்வோம்.

பூவாலி வாயாடிதான். என்ன, அவள் பேச்செல்லாம் கையிலும் முகத்திலும் இருந்தது. இரண்டு விரலை வளைத்து முன்னால் நீட்டினால் பாம்பு. உள்ளங்கையைக் குழித்து வயிற்றில் வைத்தால் பசி. புருவம் மேலே போனால் அவள் ஏதோ கேட்கிறாள் என்று அர்த்தம். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் கிளையை உலுக்க வேண்டும். அவள் திரும்பிப் பார்த்த பிறகுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். குட்டிகளுக்கு இதெல்லாம் அத்துப்படி. அதிலும் செம்மூக்கியின் ஒரே மகன் சிட்டான் இருக்கிறானே, அவன் தூக்கத்தில்கூடக் கையால் பேசுவான்!

செம்மூக்கிக்கு அதைப் பார்த்தாலே அவமானமாக இருக்கும்.

"ஏன்டி செம்மூக்கி, உன் மகனும் ஊமையாகிவிட்டானா?" என்று மற்ற பெண்கள் அவளைச் சீண்டுவார்கள். "வாயைத் திறக்கச் சொல்லு, உள்ளே பல்லாவது இருக்கிறதா பார்ப்போம்!"

ஒருநாள் தலைவன் கட்டைவாலன் கூட்டத்தைக் கூட்டினான்.

"கை எதற்கு? கிளையைப் பிடிக்க! வாய் எதற்கு? பேச! இனிமேல் இங்கே யாரும் கையால் பேசக்கூடாது. ஊமைச்சி நம் வாயைப் பார்த்துப் பழகட்டும். அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்!"

அப்போதே பாடத்தையும் தொடங்கிவிட்டான். பூவாலியின் முன்னால் போய் உட்கார்ந்தான். "என் வாயைப் பார்! என்ன சொன்னேன்?" என்று கேட்டான். அவனுடைய கன்னப்பை இரண்டிலும் அத்திப்பழம் பிதுங்கிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்குச் சூரியன் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பூவாலிக்குத் தெரிந்ததெல்லாம் கறுப்பாக அசையும் ஒரு தாடைதான். அவள் புருவத்தை உயர்த்தினாள்.

"பார்த்தீர்களா? மண்டைக்குள் ஒன்றுமே இல்லை!" என்றான் கட்டைவாலன்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. செம்மூக்கியும் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று பூவாலி அவள் தோளைத் தொட்டுக் கேட்டாள்.

"ஒன்றுமில்லை, போ! அப்புறம் சொல்கிறேன்," என்று செம்மூக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

அன்றிலிருந்து ஒரு தண்டனையும் வந்தது. கையால் பேசுகிற குட்டி, திட்டின் முனையில் தன்னந்தனியாக நிற்கும் ஒல்லிப் புங்கமரத்தில் பொழுது சாயும்வரை உட்கார வேண்டும்.

ஒருநாள் காலை பூவாலி தண்ணீர் குடிக்க இறங்கினாள். வானம் வெளுத்துக் கிடந்தது. ஆனால் தண்ணீரில் செம்மண் நிறம் ஏறியிருந்தது. நுரை வந்தது. பிய்த்தெறிந்த பச்சை இலைகள் கொத்துக் கொத்தாக வந்தன. மேலே மலையில் பேய்மழை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஓடிவந்து அத்திமரத்தை உலுக்கினாள். கைகள் பறந்தன. ஆறு ஏறுகிறது. கரைக்குப் போக வேண்டும். இப்போதே போக வேண்டும்.

"ஊமைச்சிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது!" என்றான் கட்டைவாலன். "எல்லாரும் முதுகைக் காட்டுங்கள். பார்க்க ஆளில்லாவிட்டால் கை தானே நிற்கும்!"

கூட்டம் முழுவதும் திரும்பி உட்கார்ந்துகொண்டது. பூவாலி ஒவ்வொருவர் முன்னாலும் ஓடி ஓடிப் போய்க் காட்டினாள். அவள் வர வர, அவர்கள் திரும்பிக்கொண்டே இருந்தார்கள்.

சிட்டான் மட்டும் திரும்பவில்லை.

"அம்மா! தண்ணீர் வருகிறதாம்! பூவாலி அத்தை சொல்கிறாள். உடனே கரைக்குப் போகணுமாம்!" என்று கத்தினான். கத்தும்போது அவனையறியாமல் கையும் சேர்ந்து பேசியது.

செம்மூக்கி அவன் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. ஊரே பார்க்க ஆடிய அந்தக் கைகளை மட்டும் பார்த்தாள்.

"மறுபடியும் கையா? என் மானத்தை வாங்கவே பிறந்தாயா?" என்று அவனைப் பிடரியில் பிடித்து இழுத்துப் போனாள். புங்கமரத்தில் ஏற்றிவிட்டாள்.

"அம்மா, தண்ணீர்..."

"கையும் ஆடக்கூடாது, வாயும் ஆடக்கூடாது! நான் கூப்பிடும்வரை இறங்காதே!"

சிட்டான் தலையாட்டினான். அம்மா சொல் தட்டாத பிள்ளை அவன்.

செம்மூக்கி அத்திமரத்துக்குத் திரும்பி, ஒரு பழத்தைக் கடித்தாள். அதை விழுங்குவதற்குள் வெள்ளம் வந்துவிட்டது.

பாறைகளை உருட்டிக்கொண்டு வந்தது. திட்டு மறைந்தது. எல்லாரும் அவரவர்க்கு எட்டிய மரத்தின் உச்சிக்கு ஏறினார்கள். அந்த இரைச்சலில் பக்கத்துக் கிளையில் கத்துவதுகூடக் கேட்கவில்லை. கூட்டம் முழுவதுக்கும் காது போய்விட்டது. பூவாலி ஒருத்திதான் எப்போதும்போல் பேசிக்கொண்டிருந்தாள்.

மருதமரத்தில் இருந்தபடி, எந்தக் கிளை முறியும், எது தாங்கும் என்று கையால் சொன்னாள். குட்டிகள் அவளைப் பார்த்துப் பார்த்து இடம் மாறின. "எல்லாரும் வலப்பக்கம்!" என்று கட்டைவாலன் தொண்டை கிழியக் கத்தினான். அவன் வாய் திறந்து மூடியதைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவன் கிளை முறியப்போவதைப் பூவாலி அவனுக்கும் காட்டினாள். பழக்கதோஷத்தில் அவன் முகத்தைத் திருப்பினான். கிளை முறிந்தது. ஆறு அவனைக் கொண்டுபோனது.

செம்மூக்கியின் கண்ணெல்லாம் புங்கமரத்தில் இருந்தது. பாதி மரம் தண்ணீருக்குள். உச்சியில் சிட்டான்.

அப்போது வேரோடு பெயர்ந்த ஒரு பெரிய மரம் மிதந்து வந்து குறுக்கே சிக்கியது. ஒரு நுனி புங்கமரத்தில், மறுநுனி பூவாலி இருந்த மருதமரத்தில். பாலம் போல நின்றது. பூவாலி கையை நீட்டிக் காட்டினாள். ‘ஏறு! ஓடி வா!’

சிட்டானுக்குப் புரிந்தது. ஒரு காலைக்கூட எடுத்து வைத்துவிட்டான். உடனே நின்று அம்மாவைப் பார்த்தான். நான் கூப்பிடும்வரை இறங்காதே என்று அவள்தானே சொல்லியிருந்தாள்?

"வாடா! அதில் ஏறி வாடா!" என்று செம்மூக்கி அலறினாள். இரைச்சல் அதை விழுங்கியது. அவளுடைய இரண்டு கைகளும் கிளையை இறுகப் பிடித்திருந்தன. கையால் கூப்பிடலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

சிட்டான் கையைத் தூக்கி அவளிடம் ஏதோ சொன்னான். பிறகு மறுபடியும் சொன்னான். புருவம் இரண்டும் உயர்ந்திருந்தன.

மிதந்து வந்த மரம் மெல்லத் திரும்பியது. விடுபட்டுப் போய்விட்டது. அதன் பின்னாலேயே புங்கமரம் சாய்ந்தது.

வெள்ளம் வடிந்த பிறகு மிச்சமிருந்த கூட்டம் கரையேறியது. செம்மூக்கி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒருநாள் எழுந்து பூவாலியைத் தேடிப் போனாள்.

"பூவாலி!" என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள். பூவாலி திரும்பவில்லை. செம்மூக்கி சுற்றிக்கொண்டு அவள் முகத்துக்கு எதிரே, வெளிச்சத்தில் போய் உட்கார்ந்தாள். கைகளைத் தூக்கினாள். மகன் கடைசியாகக் காட்டியதை, ஞாபகம் இருந்த மட்டும், கோணல்மாணலாகக் காட்டினாள். விரலை நெஞ்சில் வைத்தாள். கையை முன்னால் நகர்த்தினாள். புருவத்தை உயர்த்தினாள்.

பூவாலியின் கண் நிறைந்துவிட்டது. ‘அம்மா, நான் வரட்டுமா?’ என்றல்லவா பிள்ளை கேட்டிருக்கிறான்! அதைத் தன் கையால் அவளுக்கு விளக்கினாள். அவன் எப்படிக் காத்திருந்தான் என்பதையும் சொன்னாள்.

செம்மூக்கி கண்கொட்டாமல் பார்த்தாள். ஒரு சொல்கூட விளங்கவில்லை.

"பூவாலி," என்று அவள் உதடும் கையும் சேர்ந்து கெஞ்சின, "இன்னொரு தடவை, கொஞ்சம் மெதுவாகக் காட்டேன்."

காது கேளாதவரின் பேச்சு அவர் கையில் இருக்கிறது; ஆபத்து வந்து முடிந்த பிறகு அதன் பொருளைத் தேடாமல், இன்றைக்கே அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து அதைக் கற்றுக்கொள்ளுங்கள், கண்ணுகளா.