சோத்துக்கைப் பக்கம்

ஆற்றுக்குக் கிழக்கே கரடிகள், மேற்கே குரங்குகள். நடுவில் கிடுகிடு பள்ளம். அதன்மேல் கைப்பிடி இல்லாத மரப்பாலம்.

"வண்டியை முதலில் உருட்டியது எங்கள் பாட்டன்" என்றன கரடிகள்.

"சக்கரமே எங்கள் மரத்தில் அறுத்தது. நீங்கள் பொறுக்கிக்கொண்டு போனவர்கள்" என்றன குரங்குகள்.

குரங்குகள் தங்கள் வலது ஓரமாகப் போனால், கரடிகள் வீம்புக்குத் தங்கள் இடது ஓரமாகப் போகும். பாலத்தில் வண்டிகள் முட்டிக்கொண்டே இருந்தன. கடைசியில் இரு கரையும் கூடிப் பேசின. "இனி எல்லா வண்டியும் சோத்துக்கைப் பக்கம்தான்" என்று முடிவானது. தங்கள் பக்கமே ஜெயித்ததாக நினைத்து இரு கூட்டமும் ஆரவாரத்தோடு கலைந்தன.

மேற்குக் கரை முயல் செம்பிக்கு மட்டும் மனசு அடித்துக்கொண்டது. அவள் கையால் தின்கிறவள் இல்லை, வாயால் கடிக்கிறவள்.

"சோத்துக்கைன்னா எதுண்ணே?" என்று குரங்குத் தலைவனிடம் கேட்டாள்.

"கேட்டீங்களாப்பா, சோறு திங்கிற கை எதுன்னு கேக்குது! வலது கைம்மா."

"கரடிகளுக்கும் அதேதானா?"

"பின்னே, காலாலயா திங்கும்?"

கூட்டம் சிரித்தது. செம்பி காதைச் சுருட்டிக்கொண்டாள். அதற்குமேல் கேட்க வெட்கமாக இருந்தது.

கரடியோ மரமேறினால் வலது கையால் கிளையைப் பிடித்துக்கொள்ளும், இடது கையால் தேனை அள்ளித் தின்னும். அதற்குச் சோத்துக்கை இடது கை. இதை யாரும் யோசிக்கவில்லை.

மழைக்காலத்தில் செம்பியின் குட்டிக்குக் காய்ச்சல் கண்டது. பச்சிலை கிழக்குக் கரையில்தான் உண்டு. குட்டியை வண்டியில் படுக்கவைத்து இழுத்துக்கொண்டு பாலத்தில் ஏறினாள். ஒரே பனிமூட்டம். வலது ஓரமாகவே போனாள். பாதி தூரத்தில் எதிரே கடகடவென்று சத்தம் கேட்டது.

"யாரு வர்றது?" என்று கூவினாள்.

"கரடி கரியன். பயப்படாதே தாயி, நான் சோத்துக்கைப் பக்கம்தான் வர்றேன்."

"நானும் சோத்துக்கைப் பக்கம்தான் மாமா."

"அப்ப சரி. விலகாம அப்படியே வா."

செம்பிக்கு மூச்சு வந்தது. ஆனால் சத்தம் பக்கவாட்டில் போகவில்லை. நேரே அவள் முகத்துக்கே வந்தது. விலகலாமா? விலகுகிற பக்கம் அவன் இருந்தால்? பனியைக் கிழித்துக்கொண்டு பெரிய சக்கரம் தெரிந்தது. குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு ஒரே தாவாகத் தாவினாள்.

இரண்டு வண்டியும் நொறுங்கிப் பள்ளத்தில் விழுந்தன. கரியன் பலகையைப் பிடித்துத் தொங்கினான். செம்பி குட்டியை இறக்கிவிட்டு ஓடிவந்து எட்டிப் பார்த்தாள்.

"சோத்துக்கைப் பக்கம்னீங்களே மாமா?"

"அந்தப் பக்கம்தானே வந்தேன்" என்று கரியன் இடது கையைத் தூக்கிக் காட்டினான். அவன் பாரம் தாங்காமல் பலகை முறிந்தது.

பனிக்குள் அவன் குரல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

சத்தம் கேட்டு இரு கரையிலும் கூட்டம் கூடியது. "எங்கள் வண்டி சோத்துக்கைப் பக்கம்தான் போனது" என்று இந்தக் கரையும் கத்தியது, அந்தக் கரையும் கத்தியது. செம்பி நடுப்பாலத்தில் குட்டியை அணைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

ஒரே சொல்லைச் சொல்வதால் மட்டும் இருவர் ஒத்துப்போனதாக ஆகாது. அந்தச் சொல்லின் பொருளைக் கேட்பவரைச் சிரித்து அடக்கினால் உயிர்தான் போகும்.