அள்ளிக்கொடுத்த வள்ளல்

முன்னொரு காலத்தில் கடம்பநாட்டை விசயகேது என்ற ராஜா ஆண்டுவந்தான். இரண்டு வருடமாக மழை இல்லை. களஞ்சியத்தில் நெல் இருந்தது. போர் வந்தால் படைக்கு வேண்டும் என்று பூட்டி வைத்திருந்தான்.

அப்போது கூத்து வாத்தியார் எல்லப்பன் தெருத்தெருவாகத் தமுக்கு அடித்தான். புதுக்கூத்தின் பெயர் ‘பிணந்தின்னி ராஜா’.

அவைப்புலவர் சொக்கநாதர் மூச்சிரைக்க ஓடிவந்தார். தன் பாட்டுக்குக் கூடாத கூட்டம் எல்லப்பனுக்குக் கூடுவதில் அவருக்கு வெகுநாள் எரிச்சல். “மகாராஜா, பெயரிலேயே இவ்வளவு திமிர்! அவன் நாக்கை அறுக்க வேண்டும்.”

எல்லப்பனை இழுத்துவந்தார்கள்.

“யாரடா பிணந்தின்னி?” என்றான் ராஜா.

“கூத்துல வர்ற ராஜாங்க, சாமி.”

“சாதுவாக ஒரு பெயர் கிடைக்கவில்லையா?”

“சாதுவாப் பேர் வெச்சா, பசியில படுத்துக் கிடக்கிற சனம் எழுந்து வராதுங்க.”

ராஜா நாக்கை அறுக்கச் சேவகனைக் கூப்பிட வாயெடுத்தான். மந்திரி திருமேனி குறுக்கிட்டார்.

“அரசே, புலவரே நல்ல பெயர் வைக்கட்டும். கூத்தைப் பாருங்கள். எந்தப் பெயர் தங்களை அவமதித்தது என்று பிறகு சொல்லுங்கள். இவன் வைத்ததுதான் என்றால் நாக்கை எடுத்துக்கொள்ளலாம்.”

“நான் வைக்கும் பெயரா அவமதிக்கும்?” என்று சிரித்தார் புலவர். ராஜாவின் பட்டப்பெயரையே வைத்தார்: ‘அள்ளிக்கொடுத்த வள்ளல்’.

புலவர் ஒருநாளும் கூத்துக் களத்தில் உட்கார்ந்தவரல்ல. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் கட்டியங்காரன் திரைக்கு முன் வந்து “யார் கதை இது?” என்பான், சனங்கள் பெயரைக் கத்த வேண்டும். அந்த வழக்கம் அவருக்குத் தெரியாது.

அந்தியில் கூத்து தொடங்கியது. கூத்து ராஜா களஞ்சியத்தைப் பூட்டினான்.

“யார் கதை இது?”

“அள்ளிக்கொடுத்த வள்ளல்!” சிலர் சிரித்தார்கள்.

ஒரு தாய் புல்லை வேகவைத்தாள்.

“யார் கதை இது?”

இப்போது சிரிப்பு இல்லை. கத்தியவர்கள் எல்லோரும் ராஜா இருந்த பக்கம் திரும்பியிருந்தார்கள்.

செத்த பிள்ளையைப் பாயில் சுருட்டினார்கள்.

“நிறுத்து” என்று ராஜா எழுந்தான். “புலவரே, அவன் ஏதோ ஒரு ராஜாவைத் திட்டினான். நீர் என் பெயரைச் சொல்லித் திட்ட வைத்துவிட்டீர்.”

எல்லப்பனுக்குத் தன் சால்வையைப் போர்த்தினான். காலையில் களஞ்சியத்தைத் திறக்கச் சொன்னான். மரக்காலை எடுத்துப் புலவரே அளக்க வேண்டும் என்றான்.

உச்சிவேளைக்குள் வரிசை முடிந்துவிட்டது. நெல் பாதிக்குமேல் அப்படியே கிடந்தது.

“மற்றவர்களையும் வரச் சொல்லுங்கள்” என்றான் ராஜா.

“எல்லா ஊருக்கும் இரவே ஆள் போயிற்று, அரசே” என்றார் திருமேனி. “உயிரோடு இருப்பவர்கள் இவ்வளவு பேர்தான்.”